பெக்ஸன் கை

கிளெண்டாவுக்குப் பயம் ஒன்றும் புதிதல்ல. பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுசு அவளோடு நின்று உருளைக்கிழங்கு மசித்தவள் நான். அவள் எதற்கெல்லாம் பயப்படுவாள் என்பது எனக்கு மனப்பாடம். அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுவாள். தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்றால் வேலை போயிற்று என்று கண்ணைக் கசக்குவாள். அவர் கூப்பிட்டது இன்னொரு கரண்டி கஸ்டர்டுக்காக இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாங்கள் கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒரே ஒரு பயத்தை மட்டும் அவள் எங்கள் யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. அது அவள் பிறந்த வீட்டுப் பயம்.

அது வெளியே வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். எங்கள் ஊரில் ஸ்னெண்டன் பேட்டையில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்த தெரு. அவள் கணவர் கீத் போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிறு சாப்பாடு எனக்கு அங்கேதான். அன்றைக்கு மகள் ப்ரையனியும் வந்திருந்தாள். ஆட்டுக்கறி ரோஸ்ட், புதினாச் சாறு ஊற்றிய மசித்த பட்டாணி. ப்ரையனி தட்டில் கையே வைக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

"அம்மா, நீ பாட்டியாகப் போற."

கிளெண்டா எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள், அழுதாள், மறுபடியும் உட்கார்ந்து குழம்புக் கூஜாவை எடுத்தாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"கிளினிக்ல நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாங்கம்மா. குடும்பத்துல பரம்பரையா ஏதாவது வியாதி உண்டான்னு. அப்பா பக்கம் சக்கரைன்னு சொல்லிட்டேன். உன் பக்கம் என்ன?"

கூஜாவின் மூக்கு தட்டின் விளிம்பில் கடகடவென்று அடித்தது. குழம்பு மேஜை விரிப்பெல்லாம் ஓடியது. கிளெண்டா அதைப் பார்க்கவே இல்லை. "ஒண்ணும் இல்ல. என் பக்கம் ஒண்ணுமே இல்ல" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"சரி, அடுத்த தடவை போறப்ப சொல்லிடறேன்" என்று ப்ரையனி விரிப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

பாத்திரம் கழுவ என்று என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள் கிளெண்டா. "டோரீன், நான் பொய் சொல்லிட்டேன் டி" என்றாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, அந்தக் கதையைச் சொன்னாள்.

கிளெண்டா பிறந்த குடும்பம் பெக்ஸன் குடும்பம். விக்டோரியா ராணி காலத்தில் அவள் கொள்ளுத்தாத்தா ஜேபெஸ் பெக்ஸன் எங்கள் ஊரில், லேஸ் நெய்யும் ஆலைகளுக்குப் பின்தெருவில், 'பாபின்' என்று ஒரு பப், அதாவது பீர்க்கடை, நடத்தினார். நல்ல பெயர் எடுத்த கடை. ஜேபெஸின் இரண்டு மணிக்கட்டும் ஒரு நாள் தொங்கிப் போயின. கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. கை நடுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி கத்துவார். பிறகு இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்தார். கடைசியில் பீப்பாய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு மைத்துனரைத் துரத்த, பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கேயே செத்தார். அது முடிந்த சூட்டோடு மூத்த மகள் லெட்டிஸுக்கு அதே கை, அதே கத்தல், அதே ஆஸ்பத்திரி. அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. தாய் கெசாயா துக்கத்தில் செத்தாள் என்று வீட்டில் சொல்வார்கள்.

தப்பியது தொட்டிலில் கிடந்த வில்ஃப்ரட் ஒருவன்தான். அவனை ஒரு அத்தை மான்ஸ்ஃபீல்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். வளர்த்தாள் என்பதைவிட, பயமுறுத்தினாள் என்று சொல்லலாம். 'உங்கப்பன் வாடிக்கைக்காரனுக்கு ராத்திரி தங்கின பீரை ஊத்த மாட்டான், அதுல ரொம்ப ரோஷம். ஆனா காலங்காத்தால அதையே சுட வச்சு, ரொட்டியப் பிச்சுப் போட்டு, புருஷன் பொண்டாட்டி மூத்த மக மூணு பேருமா உக்காந்து குடிப்பாங்க. பெக்ஸன் ரத்தமே அப்படி' என்பாளாம். பாதி ஊர் குடி என்றது, மீதி ஊர் ரத்தம் என்றது. வில்ஃப்ரட் இரண்டையும் நம்பினார். சாராய வாசனை பக்கமே போகவில்லை. ஆனால் ரத்தத்துக்கு என்ன செய்வது?

அந்த வில்ஃப்ரட்தான் கிளெண்டாவின் தாத்தா. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு, குடும்பத்தில் எல்லோரையும் கையை நீட்டச் சொல்வார். நீட்டிய புறங்கையின் மேல் ஒரு மெல்லிய தாளை வைப்பார். தாள் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

"மூச்சு விட மாட்டோம் டி. நானும் எங்க அண்ணன் நெவிலும். சாப்பிட்ட புட்டிங் தொண்டைக்கு வந்துடும். அப்பாவோட தாள் ஒரு வருஷம் லேசா ஆடுச்சு. அம்மா எழுந்து போயி கொல்லைப்புறத்துல வாந்தி எடுத்தாங்க." அவள் அப்பா நாற்பதுக்குள் சுரங்கத்தில் பாறை விழுந்து செத்துப்போனார். அதனால் அவருக்கு அந்தக் கை வந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. தாத்தாவுக்கு எண்பதிலும் கை கல்லாக நின்றது. 'ஒரு தலைமுறை தாண்டி வரும், ரெண்டு தாண்டியும் வரும்' என்று சொல்லிவிட்டே கண்ணை மூடினார், புண்ணியவான்.

"நெவில் ஏன் கல்யாணமே பண்ணிக்கலன்னு நெனச்ச?" என்றாள் கிளெண்டா.

நெவிலை எனக்குத் தெரியும். ஆளைப் பார்த்தாலே சிடுசிடு என்றிருக்கும். எவளும் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். ரோஸ்லின் என்ற பெண்ணோடு நிச்சயம் ஆகி, மோதிரம் போட்டு, சர்ச்சில் நாளும் குறித்துவிட்டு, நெவில்தான் வேண்டாம் என்றாராம். பிள்ளை என்றால் உயிரை விடுகிற பெண். அவளுக்குப் பெக்ஸன் ரத்தத்தில் ஒரு பிள்ளையைக் கொடுத்து, அது லெட்டிஸ் மாதிரி ஆவதைப் பார்க்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. கிளெண்டாவுக்கு அவ்வளவு தைரியமும் இல்லை, அவ்வளவு ஒழுங்கும் இல்லை. கீத்திடம் எதையும் சொல்லாமல் கட்டிக்கொண்டாள், ப்ரையனியைப் பெற்றாள், அன்றிலிருந்து பயந்துகொண்டே இருந்தாள்.

"இப்ப பாரு" என்று ஈரக் கையை என் முன்னால் நீட்டினாள். விரல்கள் நடுங்கின. கொஞ்சநஞ்சமல்ல, சோப்பு நுரை தெறித்தது. "போன கிறிஸ்மஸ்லேருந்து இப்படித்தான். எடை வேற குறையுது. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எனக்கு வந்துடுச்சு டோரீன். எனக்கு வந்தா ப்ரையனிக்கு வரும். அப்புறம் அந்தக் குழந்தைக்கு."

எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் வாய் சும்மா இருக்காது. "டாக்டர்கிட்ட போய்த் தொலையேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"கேட்டாத்தானே பதில் வரும்?"

சத்தம் போட்டேன், கெஞ்சினேன், கடைசியில் ஒரு பேரம் முடிந்தது. டாக்டர் அப்புறம். முதலில் ஜேபெஸுக்கும் லெட்டிஸுக்கும் வந்தது என்ன என்று தெரிந்துகொள்வது. குடியா, ரத்தமா? குடி என்றால் பிழைத்தோம். ரத்தம் என்றால் ப்ரையனி அடுத்த தடவை கிளினிக் போவதற்குள் அவளிடம் சொல்லியாக வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம்.

கால்வாய்க் கரையில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். நடுங்குகிற கையோடு அவள் ஸ்டியரிங் பிடிக்க மாட்டாள். அங்கே எங்களைப் போன்ற கிழங்கட்டைகள் நிறையப் பேர். எல்லோரும் தங்கள் வம்சத்தில் ஒரு பிரபு கிடைப்பானா என்று தேடுகிறார்கள். கிளெண்டா ஒருத்திதான் எதுவும் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு தேடியவள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள். மோசமாக ஏதாவது வந்தால் பாதிதான் பார்த்த மாதிரி ஆகுமாம்.

ஜேபெஸ் கிடைத்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதியது: தொழில், பப். நோய்க்குக் காரணம், குடி. அவ்வளவுதான். பப் நடத்துபவன் கை நடுங்கினால் குடி என்று எழுத அந்த டாக்டருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? லெட்டிஸுக்கு அதுவும் இல்லை. 'தகப்பனைப் போல' என்று முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு கிளெண்டா கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே வர நான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ப்ரையனியின் போனை எடுப்பதை நிறுத்தினாள். எடுத்தால் குரலிலேயே தெரிந்துவிடும் என்றாள். ராட்டினம் மாதிரி ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்: சொல்வதா, வேண்டாமா? நான் அவள் வீட்டில் சாப்பாடு வைத்துவிட்டு வந்தால் மறுநாள் அப்படியே இருக்கும்.

துக்கத்தில் செத்ததாகச் சொன்ன கெசாயாவைத் தேடுவோம் என்று சொன்னது நான். சும்மா, அவள் கவனத்தை மாற்றத்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பழைய செய்தித்தாளில் கெசாயாவின் சாவைப் பற்றி விசாரணை நடந்த செய்தி இருந்தது. ஜேபெஸை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்கு அடுத்த குளிர்காலத்தில், பாபின் பப்பின் நிலவறைப் படியில் அவள் உருண்டு விழுந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி சாட்சி சொல்லியிருக்கிறாள்: கெசாயாவின் இரண்டு கையும் மாதக்கணக்காகத் தொங்கிக் கிடந்தன, கைப்பிடியைப் பற்ற முடியாமல்தான் விழுந்தாள்.

கிளெண்டாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "மூணு பேரு டி. அவளுக்குமா! அப்ப ரெண்டு பக்கமும் இருந்திருக்கு. தாத்தாவுக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்திருக்கு."

"இரு, இரு. கெசாயா பெக்ஸன் இல்லியே? கட்டிக்கிட்டு வந்தவதானே?"

"சொந்தத்துல கட்டியிருப்பாங்க."

அதையும் தேடினோம். கெசாயா லிங்கன்ஷயர் சதுப்புக்காட்டுக்காரி, வாத்து மேய்த்தவன் மகள். லேஸ் ஆலை வேலைக்கு எங்கள் ஊருக்கு வந்தவள். பெக்ஸன்கள் தலைமுறை தலைமுறையாக மான்ஸ்ஃபீல்டு. ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"அப்ப தொத்து வியாதியா?" என்றாள் கிளெண்டா.

"ஆமா, உங்க கொள்ளுப்பாட்டி தும்மினது இப்பத்தான் உன்கிட்ட வந்து சேந்துச்சு. போடி கழுதை." சிரிக்க வைக்கப் பார்த்தேன். ஆனால் எனக்கும் உள்ளுக்குள் உறுத்தியது. புருஷன் ரத்தத்தில் இருக்கும் வியாதி பெண்டாட்டிக்கு எப்படி வந்தது?

பாபின் இன்னும் இருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் புதுசு. கெசாயா விழுந்த படியைப் பார்க்க வேண்டும் என்று கிளெண்டா சொன்னபோது எனக்கு ஆச்சரியம். பயந்தாங்கொள்ளிகளுக்குச் சில சமயம் இப்படி ஒரு வெறி வரும். இப்போது அதை நடத்துபவள் மார்சியா, ஜமைக்காக்காரர்கள் வீட்டுப் பெண். கடை திறப்பதற்கு முன் காலையில் வரச் சொன்னாள். நாங்கள் போனபோது அவள் பீர்க் குழாய்களின் கைப்பிடியை ஒவ்வொன்றாக இழுத்து, வரும் பீரை ஒரு வாளியில் பிடித்துக்கொண்டிருந்தாள். வாளி நிறைந்ததும் சாக்கடையில் கொட்டினாள்.

"ஐயோ, இவ்வளவையும் கொட்டறியே கண்ணு!" என்றேன் நான். எனக்குப் பீர் பிடிக்கும்.

"ராத்திரி பூரா கொழாயில கெடந்தது அத்தே. இத ஊத்திக் குடுத்தா ஆளு திரும்ப வருவானா? தெனமும் மொத வேலை இதுதான்."

பிறகு எங்களைக் கீழே கூட்டிப்போனாள். எங்கள் ஊரில் பழைய பப்புகள் பீப்பாய் வைக்கும் நிலவறை எல்லாம் மணற்பாறையைக் குடைந்த குகைதான். இது சாதாரணக் குகையில்லை. படி இறங்கிக்கொண்டே போனது. சுவரில் ஈரம். கிளெண்டா ஒவ்வொரு படியிலும் நின்றாள். "இங்கதான் விழுந்திருப்பா" என்றாள். அடுத்த படியிலும் அதையே சொன்னாள். என் கையைப் பிடித்திருந்த அவள் கை சில்லென்று இருந்தது.

அடியில் போய்ச் சேர்ந்ததும் விளக்கு போய்விட்டது.

கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியாத இருட்டு. கிளெண்டா அலறினாள். அந்த அலறல் குகை முழுக்கச் சுற்றிவிட்டு எங்களிடமே திரும்பி வந்தது. "பயப்படாதீங்க, தானா அணையற லைட்டு, இருங்க" என்று மார்சியா எங்கோ தடவினாள். கிளெண்டா என் கையை விட்டுவிட்டுச் சுவரைப் பிடிக்கப் போனது தெரிந்தது.

விளக்கு வந்தபோது அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். சுவரில் மேலே ஏறிப்போகும் ஒரு தடித்த குழாயை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். கையை எடுத்தாள். உள்ளங்கை இரண்டும் சாம்பல் நிறமாக மின்னின.

"அது ஓடாத கொழாய், அத்தே. பழங்காலத்துக் காரீயம். அந்தக் காலத்துல இது வழியாத்தான் பீரு மேல போகுமாம். கழட்டினா பாறை பேத்துக்கும்னு விட்டுட்டாங்க. மேல வந்து கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க. அது விஷம்."

கிளெண்டா கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயை அண்ணாந்து, அது பாறைக்குள் மறையும் இடம் வரை பார்த்தாள்.

"இவ்வளவு நீளம்" என்றாள். "ராத்திரி பூரா இதுல பீர் நிக்கும்."

"ஆமா."

"நீ கொட்டிட்ட. அவங்க கொட்டல." மார்சியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கிளெண்டா என்னைப் பார்த்தாள். அவள் குரல் ரகசியம் போல் இறங்கிவிட்டது. "டோரீன், அவங்க அதைக் குடிச்சாங்க. வாடிக்கைக்காரனுக்கு ஊத்த மாட்டாரு, கொட்டவும் மனசு வராது. தெனமும் காலையில மூணு பேரும் அதைச் சுட வச்சுக் குடிச்சாங்க. மூணு பேருக்கும் வந்துச்சு. தாத்தா தொட்டில்ல பால் குடிச்சிட்டு இருந்தாரு."

மேலே வந்ததும் அவள் கையை நானே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

மறுநாளே அவளை டாக்டரிடம் இழுத்துப்போனேன். இந்தத் தடவை அவள் மறுக்கவில்லை. ஆனால் காத்திருக்கும் அறையில் என் கோட்டு நுனியை விடவும் இல்லை. டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார். தொங்கும் மணிக்கட்டு, வயிற்று வலி, புத்தி தடுமாற்றம், ஒரே வீட்டில் மூன்று பேர், அதில் ஒருத்தி வெளியிலிருந்து வந்தவள். "எப்பவோ செத்துப்போனவங்களுக்கு நான் டெஸ்ட் எடுக்க முடியாது. ஆனா இது காரீய விஷம் மாதிரிதான் இருக்கு. பரம்பரையா வர்றது இல்ல. உங்க மகள் கிளினிக்ல 'இல்ல'ன்னே சொல்லலாம்" என்றார்.

"அப்ப என் கை?"

கையைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், ரத்தம் எடுக்க அனுப்பினார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது. தைராய்டு அதிகம் சுரக்கிறதாம். நடுக்கம், படபடப்பு, எடை குறைவு எல்லாம் அதனால்தான். மாத்திரை கொடுத்தார். இந்தப் பயத்திலும் கொஞ்சம் தைராய்டுக்குப் பங்கு இருக்கும் என்றார். ஆயுசு பூராவும் சுரந்திருக்குமா டாக்டர் என்று நான் கேட்டேன். கிளெண்டா என் காலை மிதித்தாள்.

அன்று சாயங்காலம் ப்ரையனியிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். ப்ரையனி முதலில் கோபப்பட்டாள். "இதுக்கா என் போன எடுக்கல? குழந்தைய உனக்குப் பிடிக்கலன்னு நெனச்சு நான் அழுதுட்டு இருந்தேன்!" என்று கத்தினாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

அத்தோடு பயம் போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை. நாலு நாள் கழித்து வந்து என் வாசலில் நின்றாள். சாகப்போகிறோம் என்று நினைத்திருந்த நாட்களில்கூட அவள் முகம் அப்படி இல்லை.

"நெவில்கிட்ட எப்படிச் சொல்றது டி?"

"நல்ல சேதிதானே, போய்ச் சொல்லு" என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியிலேயே எனக்கும் உறைத்துவிட்டது. இல்லாத வியாதிக்காகத்தானே அவர் ரோஸ்லினை விட்டார்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு மாதம் பேசினோம். ஆனால் ப்ரையனிக்கு விஷயம் தெரியும், குழந்தை பிறந்தால் நெவில் பார்க்க வருவார், யாராவது ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிடும். வேறொருத்தர் சொல்லி அவருக்குத் தெரியக்கூடாது என்றாள் கிளெண்டா. தனியாகப் போக முடியாது, நீயும் வா என்றாள்.

ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடும் மேட்டுத் தோட்டங்களில் நெவிலுக்கு ஒரு பாத்தி உண்டு. ஓய்வு பெற்றதிலிருந்து அங்கேயேதான் கிடக்கிறார். நாங்கள் போனபோது கொடியில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு கிழவிகளும் சேந்து வந்தா நல்லதுக்கு இருக்காதே" என்றார். கிளெண்டா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பல இடங்களில் குரல் உடைந்தது. அந்த இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன். கெசாயா, காலை பீர், குழாய், டாக்டரம்மா சொன்னது.

அவர் பறிப்பதை நிறுத்தவில்லை. ஒரு காயைக் கிள்ளுவார், கூடையில் போடுவார், அடுத்ததைத் தேடுவார். கிளெண்டா சொல்லி முடித்த பிறகு கொடியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்ல நெவில்."

"எப்பவுமே இல்ல?"

கிளெண்டா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அவர் கத்தினால் தேவலை என்று இருந்தது. கூடையை எடுத்து எறிந்தாலும் தேவலை.

"ரோஸ்லின் சொன்னா" என்றார். "'வந்தா வரட்டும், உன்னையும் பாத்துக்கறேன், பிள்ளையையும் பாத்துக்கறேன்'னா. அவங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு. மழை வேற. நான்தான் கேக்கல. உனக்கு என்ன தெரியும்னு திட்டிட்டு வந்தேன்."

கிளெண்டா அவர் பக்கம் ஒரு அடி வைத்தாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அவள நீ சந்தையில பாப்பல்ல?"

"எப்பவாவது. வெள்ளிக்கிழமையில."

"சொல்லிடாதே."

"நெவில்..."

"சத்தியம் பண்ணு. நான் அவ நல்லதுக்குத்தான் விட்டுட்டுப் போனேன்னு நெனச்சுத்தான் அவ வேற ஒருத்தன கட்டிக்கிட்டா. மூணு பிள்ளைங்க அவளுக்கு. அதுல யாரும் நம்ம வீட்டுக் கொழாய் பண்ணின தப்பால பொறந்தாங்கன்னு அவ நெனைக்கக் கூடாது."

கிளெண்டா சத்தியம் செய்தாள். நானும் செய்தேன், என்னை யாரும் கேட்கவில்லை என்றாலும். நெவில் கூடையைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காயே இல்லாத கொடியில் காய் தேட ஆரம்பித்தார்.